எல் அனட்சுயி: சுவரில் தொங்குவது ஓவியமா, சிற்பமா?

கோட்டோவியம் | ஞாயிறு காலை 7.20

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனத்தில் கிடக்கும் ஒரு விஷயம். இங்கே ஓவியம் தெரிந்தவர்கள், கைவேலை தெரிந்தவர்கள் பலர் இருப்பதால் கேட்கிறேன்.

2024 பிப்ரவரியில் மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தேன். டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் ஹாலில், கானாவில் பிறந்த கலைஞர் எல் அனட்சுயி செய்த 'பிஹைண்ட் த ரெட் மூன்' வைத்திருந்தார்கள். அந்த இடம் முன்பு மின்நிலையத்தின் எந்திரக்கூடம். 150 மீட்டருக்கு மேல் நீளம், 35 மீட்டர் உயரம். உள்ளே இறங்கியதும் காற்றில் உப்பிய பாய்மரம் மாதிரி ஒன்று மேலேயிருந்து தொங்குகிறது. அதில் சிவப்பாக ஒரு நிலா. துணி என்றே நினைத்தேன். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் சாராய பாட்டில் மூடிகள். ஆயிரமாயிரம் அலுமினிய மூடிகளைத் தட்டி, மடித்து, முறுக்கி, செம்புக் கம்பியால் கோத்திருக்கிறார்கள்.

நான் 26 வருடம் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஓவியம் என்றால் தட்டை, சிற்பம் என்றால் சுற்றி வந்து பார்ப்பது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இது இரண்டிலும் அடங்கவில்லை. தூரத்தில் நின்றால் வண்ணம்தான் பேசுகிறது, நல்ல அரூப ஓவியம். பத்தடிக்குள் போனால் மடிப்பு, புடைப்பு, நிழல் எல்லாம் வந்துவிடுகின்றன. இன்னும் நெருங்கினால் மூடியில் அச்சடித்த பிராண்டுப் பெயரைப் படிக்கலாம்.

என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. இவர் தன் வேலைகளைச் சுவரில் எப்படி மாட்ட வேண்டும் என்று பெரும்பாலும் சொல்வதில்லையாம். மடித்து, பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார். எங்கே மடிப்பு வர வேண்டும், எங்கே தொங்க வேண்டும் என்பதை அங்கே இருப்பவர்கள் முடிவு செய்யலாம். ஒரே படைப்பு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு உருவத்தில் நிற்கிறது. ஒரு கோடு அரை அங்குலம் தள்ளிப் போனாலும் அழித்துவிட்டுப் போடச் சொன்னவன் நான். உருவத்தை அடுத்தவர் கையில் விட்டுவிட்டால் அதில் கலைஞன் எங்கே இருக்கிறான்? உண்மையாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தேம்ஸ்கரை | ஞாயிறு காலை 9.05

ஐயா, நான் லண்டன்தான். 2023 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரல் வரை அது இருந்தது, நான் மூன்று தடவை போனேன். நீங்கள் முதல் பகுதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். மொத்தம் மூன்று.

நடுவில் இருந்தது 'த வேர்ல்ட்'. மூடிகளின் கழுத்தில் இருக்கும் மெல்லிய வளையங்களை மட்டும் கோத்த வலை. உள்ளே பார்வை ஊடுருவிப் போகும். தனித்தனித் துண்டுகளாக, மனிதர்கள் காற்றில் மிதக்கிற மாதிரித் தொங்கும். நடந்துகொண்டே இருந்தால் ஒரே ஒரு இடத்தில் அத்தனையும் சேர்ந்து வட்டமாகிவிடும். பூமி உருண்டை. ஓரடி தள்ளினால் மறுபடி சிதறிவிடும். முதல் தடவை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன், ஒரு சின்னப் பையன் அவன் அம்மாவிடம் கத்தியதைக் கேட்டுத்தான் திரும்பி வந்தேன்.

கடைசியில் 'த வால்'. தரையிலிருந்து கூரை வரை கறுப்புச் சுவர், அடியில் அலை அடித்து நுரைத்த மாதிரி மூடிக் குவியல். பின்னால் சுற்றிப் போனால் வெள்ளியும் பல வண்ணமும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: சுற்றி வரவும் வேண்டியிருந்தது, ஒரே இடத்தில் நின்று பார்க்கவும் வேண்டியிருந்தது. எனக்கு அது போதும், பெயர் வேண்டாம்.

ஒன்று மட்டும் கூடச் சொல்கிறேன். டேட் என்ற பெயர் ஹென்றி டேட்டுடையது, சர்க்கரை ஆலைக்காரர். அவர் 1819இல் பிறந்தவர், பிரிட்டன் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் போட்ட 1833இல் அவருக்கு 14 வயது. அடிமைகளை வைத்திருந்தவர் அல்லர். ஆனால் அவர் கை வைத்த தொழில் அந்தக் கரும்புத் தோட்டங்களின் மேல் எழுந்தது. கரீபியக் கரும்பு, அதிலிருந்து ரம், அந்த ரம்மை ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்து மனிதர்களை வாங்கியது, அவர்களை மறுபடி கரும்புக்கு அனுப்பியது. அந்தக் கூடத்தில் சாராய மூடிகளால் ஒரு பாய்மரம் கட்டித் தொங்கவிட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மரத்தூள் | ஞாயிறு பகல் 12.48

நல்ல இழை. கோட்டோவியம் ஐயாவின் கேள்விக்குப் பதில் மூடிகளில் இல்லை, அதற்கு முந்தைய 25 வருடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனட்சுயி 1944இல் கானாவின் அன்யாக்கோ என்ற ஊரில் பிறந்தார், ஏவே இனத்தவர். கானா சுதந்திரம் அடைந்தது 1957. அவர் குமாசியில் கலை படித்தது 60களில். நாடு விடுதலை பெற்றுவிட்டது, ஆனால் கல்லூரிப் பாடம் முழுக்க பிரிட்டிஷ் பாடம்தான். அதனால் படிப்புக்கு வெளியே போய், குமாசியின் பண்பாட்டு மையத்தில் கைவினைக்காரர்களிடம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அடிங்க்ரா என்ற குறியீடுகள் அங்கே பிடிபட்டன. துணியில் அச்சடிக்கும் குறிகள் அவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கருத்து.

படித்து முடித்ததும் அவர் கையில் எடுத்தது பளிங்கோ வெண்கலமோ அல்ல. சந்தையில் பெண்கள் பொருள் பரப்பி விற்கும் வட்ட மரத்தட்டு. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதில் குறிகளைச் சுட்டார். தட்டு சுவரில் மாட்டப்பட்டது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நடுவே நிற்பது அங்கேயே தொடங்கிவிட்டது.

1975இல் நைஜீரியாவின் நசுக்கா ஊருக்கு வந்து பல்கலைக்கழகத்தில் சிற்பம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அப்போது அங்கே ஊச்சே ஒகேகே போன்றவர்கள், இக்போ பெண்கள் உடம்பிலும் சுவரிலும் வரையும் ஊலி கோடுகளைப் புதிய கலைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். அதன் நடுவே போய் இவர் உடைந்த பானைகள் செய்தார். ஓடுகளை ஒட்டவைத்து, ஒட்டு தெரியும்படியே விட்டார்.

முக்கியமான திருப்பம் 1980. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கலைஞர் முகாமுக்குப் போனவர் அங்கே சங்கிலி ரம்பத்தைக் கண்டுகொண்டார். அதன் பிறகு பலகைகளை வரிசையாக அடுக்கி, ரம்பத்தால் கிழித்து, தீயால் கருக்கி, சில இடத்தில் வண்ணம் பூசினார். சுவரில் தொங்கும் பலகைத் தொடர். ரம்பம் கிழித்த தடத்தை நான் புத்தகப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதிலேயே ஒரு வன்முறை இருக்கிறது. ஆப்பிரிக்காவை வெள்ளைக்காரன் பென்சிலும் அளவுகோலும் வைத்துக் கூறுபோட்டதைப் பற்றிய வேலைகள் அவை என்று படித்தால் சரியாகத்தான் இருக்கும்.

இப்போது கவனியுங்கள். அந்தப் பலகைகளின் வரிசையை வாங்குபவர் மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போதே சொன்னார். நான்காவது பலகையை ஏழாவது இடத்தில் வைக்கலாம். 'உருவம் முடிந்துபோகக் கூடாது' என்ற எண்ணம் பாட்டில் மூடிக்கு முன்பே அவரிடம் இருந்தது. மரம் அதற்கு ஓரளவுதான் ஒத்துழைத்தது.

90களின் இறுதியில் நசுக்காவுக்கு வெளியே சாலையோரம் ஒரு பை நிறைய மூடிகள் கிடைத்தன. ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் சும்மா கிடந்தன. கசாவா கிழங்கு துருவும் பழைய துருவிகள், பால் டின் மூடிகள் எல்லாவற்றையும் இதே காலத்தில் கோத்துப் பார்த்திருக்கிறார். பாட்டில் மூடியைக் கோத்ததும்தான், நினைத்தபடியெல்லாம் வளையும் பொருள் கையில் வந்தது.

பாவு_ஊடு | ஞாயிறு மாலை 4.30

எல்லோரும் இதை 'உலோகத் துணி' என்கிறார்கள். 'நெய்தார்' என்றுகூட ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தது. நான் தறிக்காரர் வீட்டுப் பெண். அந்தச் சொல்லைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

இது நெசவு இல்லை. நெசவு என்றால் பாவு, அதாவது நீளவாக்கு நூல், இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்; ஊடு, அதாவது குறுக்கு நூல், அதன் மேலும் கீழுமாகப் போய்வர வேண்டும். இழுவை இருந்தால்தான் துணி. இங்கே எதுவும் எதையும் குறுக்கே கடக்கவில்லை. ஒவ்வொரு மூடியிலும் ஓரத்தில் துளை போட்டு, பக்கத்து மூடியோடு கம்பியால் முடிந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். எங்கள் பக்கம் கோர்வைச் சேலையில் கரையையும் உடலையும் தறியிலேயே கோப்பார்கள், அங்கேயும் இழை இழையைக் கட்டிப்பிடித்துத்தான் நிற்கும். இது அப்படி இல்லை.

ஆனால் இதற்குத் துணியோடு உறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உறவு வேறு இடத்தில் இருக்கிறது. கென்டே துணி எப்படி வருகிறது என்று பாருங்கள். கானாவில் ஆண்கள் குறுகிய தறியில் நான்கு விரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீண்ட பட்டைகள் நெய்கிறார்கள். அந்தப் பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஓரத்தோடு ஓரம் தைத்தால் ஒரு பெரிய போர்வை. பட்டையில் இருக்கும் கட்டமும் கோடும் அடுத்த பட்டையோடு சேரும்போதுதான் முழுக் கோலம் வரும். அனட்சுயியின் அப்பாவும் அண்ணன்மாரும் அந்த நெசவு செய்தவர்கள். இவர் நெய்யவில்லை. ஆனால் இவருடைய பட்டறையில் வேலை எப்படி நடக்கிறதாம்? சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோத்து வைத்துக்கொண்டு, பிறகு அவற்றைத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் படம் எடுத்துப் பார்த்து, கடைசியில் சேர்க்கிறார்கள். பட்டையைத் தைத்துப் போர்வையாக்கும் அதே கணக்கு. அப்பாவிடமிருந்து வந்தது தறி இல்லை, சேர்க்கும் புத்தி.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் இரண்டு ஆரம்ப வேலைகளுக்கு 'மேன்ஸ் கிளாத்', 'வுமன்ஸ் கிளாத்' என்று பெயர். ஆண் உடுத்தும் கென்டே பெரிய ஒற்றைத் துணி, பெண்ணுக்குத் தனி அளவு. ஆக துணியை அவரே நினைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார். 'நெய்தார்' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

நேர்ப்பேச்சு | ஞாயிறு இரவு 8.15

எனக்கு மாற்றுக் கருத்து. யாரையும் புண்படுத்துவதற்காக அல்ல.

ஒன்று. மூடிகளைக் கோப்பவர்கள் நசுக்காவில் இருக்கும் இளைஞர்கள், பல பேர். மாட்டுபவர்கள் அருங்காட்சியக ஊழியர்கள். வண்ணம் சாராயக் கம்பெனி கொடுத்தது. அப்படியானால் விலை மில்லியன் டாலரைத் தாண்டும்போது அந்தப் பெயர் ஒருவருடையதாக மட்டும் இருப்பது நியாயமா? கூலி கொடுத்தார் என்பது பதில் ஆகாது.

இரண்டு. அடிமை வணிகம். அந்த மூடிகள் 18ஆம் நூற்றாண்டு ரம் பாட்டில் மூடிகள் அல்ல, இன்றைய நைஜீரியாவில் வடித்து விற்ற சாராயத்தின் மூடிகள். காட்சிக்கூடத்தில் வைத்திருக்கும் விளக்க அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஒருவர் உள்ளே போனால் அவருக்கு ரம்மும் கப்பலும் தெரியுமா? அழகான ஜிகினாத் திரை தெரியும். கதையை அட்டையில் எழுதிவைத்து அதைச் சுவரில் இருக்கும் பொருளுக்குள் ஏற்றுகிறோம் என்று படுகிறது. தேம்ஸ்கரைக்கு யாரும் சொல்லவில்லை என்கிறார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, அதனால் தெரிந்தது.

கோட்டோவியம் | ஞாயிறு இரவு 9.50

நேர்ப்பேச்சு தம்பி, இரண்டாவது கேள்வியை நானும் வெகுநேரம் யோசித்தேன். நான் அட்டையைப் படிக்காமல்தான் உள்ளே போனேன், கண்ணாடியை மகளின் பையில் வைத்துவிட்டேன். எனக்குக் கப்பல் தெரிந்தது. ரம் தெரியவில்லை. ஆனால் 'இவ்வளவு குடித்திருக்கிறார்களே' என்று தோன்றியது. ஒவ்வொரு மூடிக்கும் பின்னால் யாரோ ஒருவர் திறந்த கை இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் கொஞ்சம் கலங்கிவிட்டேன். வரலாறு தெரிய வேண்டும் என்றால் அட்டை வேண்டும்தான். ஆனால் அட்டை இல்லாமலே அங்கே ஏதோ நடக்கிறது.

வண்ணம் சாராயக் கம்பெனி கொடுத்தது என்றீர்கள். அதுவே ஓர் ஓவியனுக்கு எவ்வளவு பெரிய கட்டுப்பாடு என்று யோசியுங்கள். அவர் மூடிக்கு வண்ணம் பூசுவதில்லை. சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் வெள்ளியும் நிறையக் கிடைக்கும். நீலம் வேண்டும் என்றால் நீல மூடி போடும் சரக்கு அந்த ஊரில் விற்றாக வேண்டும். அதற்குள் இருந்துகொண்டு, மூடியின் உள்பக்க வெள்ளியை வெளியே திருப்பி, கழுத்து வளையத்தைத் தனியாக வெட்டி, முறுக்கி, ஒரே சிவப்பில் நான்கைந்து சிவப்பு வரவைக்கிறார். இதை நான் ஓவியனின் வேலை என்றுதான் சொல்வேன்.

பெட்டிபிரிப்பவன் | திங்கள் காலை 6.10

வெளிநாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் காட்சி அமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். இவருடைய ஒரு வேலையை இறக்கி, மாட்டி, மறுபடி மடித்து அனுப்பியிருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

பெட்டி வந்தபோது எங்கள் யாருக்கும் நம்பிக்கை இல்லை. எட்டு மீட்டர் அகலமான வேலை என்று காகிதத்தில் இருக்கிறது, பெட்டியோ ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான். திறந்தால் உள்ளே போர்வை மாதிரி மடித்து வைத்திருக்கிறது. ஆறு பேர் சேர்ந்து தரையில் விரித்தோம். விரிக்கும்போது வரும் சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது. சரசரவென்று ஆரம்பித்து, முழுதும் பிரிந்ததும் மழை நின்ற மாதிரி அடங்கும். விளிம்பெல்லாம் கூர். கையுறை போட்டிருந்தும் இரண்டு பேருக்குக் கீறியது.

முதலில் செய்தது நிலைமைக் குறிப்பு. கம்பி எங்கே அறுந்திருக்கிறது, எந்த மூடி தொங்குகிறது என்று ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை முட்டிபோட்டுப் பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டு நாள் ஆனது. அப்படிப் பார்க்கும்போதுதான் வெவ்வேறு கைகள் தெரியும். ஒரு கட்டத்தில் கம்பி இறுக்கமாக முறுக்கியிருக்கும், பக்கத்துக் கட்டத்தில் தளர்வாக. இறுக்கமான கட்டம் விறைப்பாக நிற்கும், தளர்ந்தது குழைந்து விழும். மாட்டின பிறகு மடிப்பு எங்கே விழுகிறது என்பதை அந்தக் கைகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. நேர்ப்பேச்சு கேட்ட முதல் கேள்வி சரியான கேள்வி. கோத்தவர்களின் பெயர் அட்டையில் இல்லை, இருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் 'யார் செய்தால் என்ன' என்று தளர்வையெல்லாம் சரிசெய்து ஒரே மாதிரி ஆக்காமல், அந்த வித்தியாசத்தை அப்படியே வைத்திருப்பவர் அவர்தான்.

அப்புறம் மாட்டுவது. இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். எங்கள் பொறுப்பாளர் முதலில் இதை ஓவியம் மாதிரி மாட்டச் சொன்னார். மேல் விளிம்பை நேர்கோட்டில் பிடித்து, நான்கு மூலையும் இழுத்து, தட்டையாக. மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். செத்துப்போயிருந்தது. விலை உயர்ந்த வால்பேப்பர் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். யாரும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை மொத்தத்தையும் கழற்றினோம்.

இரண்டாவது தடவை மேல் விளிம்பில் சில இடங்களை மட்டும் திருகாணியில் பிடித்துக்கொண்டு மற்றதை விழவிட்டோம். விழுந்த இடத்தில் கையை உள்ளே விட்டு வெளியே தள்ளினால் புடைப்பு வரும். பின்னால் சின்ன மரக்கட்டை வைத்து அதை நிறுத்தலாம். கீழே தரையில் கொஞ்சம் வழியவிட்டோம். நான் ஒரு பக்கம் தள்ளினால் மூன்றடி தள்ளி வேறொரு மடிப்பு தானாகத் திரும்பும். அந்த மடிப்பு சரியாக இருந்தால் விடுவோம், இல்லை என்றால் திரும்பிப் போய் இதை மாற்றுவோம். நான்கு பேர், ஏணி, கத்தரித் தூக்கி, மூன்று நாள். வெளிச்சம் போட்டதும் ஒவ்வொரு மடிப்பிலும் வண்ணமே மாறியது. மஞ்சள் என்று நினைத்த இடம் நிழலில் பழுப்பானது.

கோட்டோவியம் ஐயா, 'கலைஞன் எங்கே' என்று கேட்டீர்கள். மூன்று நாளும் அவர் அங்கே இல்லை. ஆனால் எங்கள் இஷ்டத்துக்கு நாங்கள் எதையும் செய்ய முடியவில்லை. பொருள் விடவில்லை. இது வளையும், அது வளையாது, இங்கே மடித்தால் அங்கே எழும். அந்த விதிகளையெல்லாம் அவர் நசுக்காவிலேயே அதற்குள் வைத்து அனுப்பிவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

நேர்ப்பேச்சு | திங்கள் காலை 10.35

பெட்டிபிரிப்பவன், இப்படி ஒரு பதிவை இதுவரை நான் எங்கும் படித்ததில்லை. நன்றி.

கோத்தவர்களின் பெயர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. மாட்டுவது பற்றி மாறியிருக்கிறது. ஒரு கேள்வி: இப்படித் தொங்கவிடுவதை இவருக்கு முன்னால் யாரும் செய்யவில்லையா? துணியைச் சட்டத்திலிருந்து கழற்றித் தொங்கவிட்ட அமெரிக்கர்கள் இருந்தார்களே?

மரத்தூள் | திங்கள் பகல் 1.20

இருந்தார்கள். நீங்கள் சொல்வது சாம் கில்லியமாக இருக்கும். 1933இல் மிசிசிப்பியின் டூப்பலோவில் பிறந்த கறுப்பினக் கலைஞர், வேலை செய்தது வாஷிங்டனில், 2022இல் இறந்தார். 1968 வாக்கில் ஓவியத் துணியைச் சட்டத்திலிருந்து விடுவித்து, வண்ணத்தை ஊறவைத்து, கூரையிலிருந்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார். 1972இல் வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக்காட்சியில் அமெரிக்க அரங்கில் காட்டப்பட்டவர். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அவருடைய வேலையும் வேறு வடிவம் எடுக்கும். அதே காலத்தில் டொனால்ட் ஜட் என்ற அமெரிக்கக் கலைஞர், அண்மையில் வந்த நல்ல வேலைகளில் பாதி ஓவியமும் இல்லை சிற்பமும் இல்லை என்று 1965இல் எழுதியிருக்கிறார். ஆக நம் ஐயா கேட்ட கேள்விக்கு வயது அறுபது.

ஆனால் கில்லியமுக்கும் அனட்சுயிக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது சின்ன வித்தியாசம் அல்ல. துணி விழும். எங்கே கட்டினாலும் பூமி அதை இழுத்து ஒரு வளைவு கொடுத்துவிடும். கில்லியமின் மடிப்புகள் எல்லாம் கீழ்நோக்கி வழிபவை, அதில் ஓர் ஓய்வு இருக்கிறது. அலுமினிய மூடி அப்படி இல்லை. கையால் மேலே தள்ளிவிட்டால் மேலேயே நிற்கும். பக்கவாட்டில் சுருங்கும். படத்தில் பார்த்தால் சில இடங்களில் மடிப்பு கிடைமட்டமாக ஓடும், துணியில் அது நிற்கவே நிற்காது. பெட்டிபிரிப்பவன் சொன்ன 'தள்ளினால் புடைப்பு' அதுதான். கை கொடுத்த வடிவத்தைப் பொருள் பிடித்து வைத்துக்கொள்கிறது. களிமண் செய்வதும் அதைத்தான். எனக்கு இதனால்தான் இது சிற்பம். அவரும் தன்னைச் சிற்பி என்றே சொல்லிக்கொள்கிறார்.

2007 வெனிஸில் பலாத்சோ ஃபோர்த்துனி என்ற பழைய மாளிகையின் முகப்பில் ஒரு வேலையைத் தொங்கவிட்டார். காரை உதிர்ந்த செங்கல் சுவர், அதன் மேல் பொன்னும் சிவப்புமாக இந்தத் திரை, இடையிடையே துளைகள் வழியாகப் பழைய சுவர் எட்டிப் பார்க்கும். எது கட்டடம், எது படைப்பு என்று பிரிக்க முடியாது. அந்த வருடம் அவரை உலகம் திரும்பிப் பார்த்தது. 2015இல் அதே வெனிஸில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கொடுத்தார்கள். மறந்துவிடக் கூடாது, 1990இலேயே மரப்பலகைகளோடு அங்கே போய் வந்தவர்.

தேம்ஸ்கரை | திங்கள் மாலை 6.00

@மரத்தூள் 'கிடைமட்ட மடிப்பு' என்று நீங்கள் சொன்னதும் என் கைப்பேசியில் இருந்த படங்களைத் திறந்து பார்த்தேன். 'த வால்' அடியில் அலை மாதிரி எழுந்து நின்றது. துணியாக இருந்தால் தரையில் படுத்திருக்கும். மூன்று தடவை பார்த்தும் இதைக் கவனிக்கவில்லை.

பாவு_ஊடு | திங்கள் இரவு 8.40

பெட்டிபிரிப்பவன் அண்ணா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், படங்களையும் காட்டினேன். அவர் 40 வருடம் தறியில் உட்கார்ந்தவர், இப்போது கண் சரியில்லை. தட்டையாக மாட்டினது செத்துப்போயிருந்தது என்று படித்ததும் தலையாட்டினார். 'துணி தறியில் இருக்கும்போது வேறு, ஒருத்தி உடுத்தினால் வேறு' என்றார். அப்புறம் கோத்தவர்களுக்கு என்ன கூலி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரே தறியில் இரண்டு பேர் மாறி மாறி நெய்தால் துணியைத் தடவியே யார் எங்கே விட்டார்கள் என்று சொல்லிவிடலாமாம். எங்கள் வீட்டில் அது குறை, அப்படி வந்தால் முதலாளி கூலியைப் பிடிப்பார். இங்கே அதே வித்தியாசத்தை ஒருவர் வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அப்பாவால் முதலில் நம்பவே முடியவில்லை.

கோட்டோவியம் | செவ்வாய் காலை 7.05

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இழை முழுவதையும் இரண்டு தடவை படித்தேன்.

என் கேள்வி தவறான இடத்தில் நின்றுகொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது. உருவம்தான் படைப்பு, அதை விட்டுக்கொடுத்தால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததாகும் என்று நினைத்தேன். அவர் விட்டுக்கொடுத்தது கடைசி உருவத்தை மட்டும்தான். எது எப்படி வளையும் என்பதை விடவில்லை. இத்தனை வருடம் பிள்ளைகளின் கோட்டை அழித்து அழித்துப் போடச் சொன்னதில் எது சரி, எது தவறு என்று யோசிக்க வேண்டும். அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

பெட்டிபிரிப்பவன், ஒரு சந்தேகம் மிச்சம். காட்சி முடிந்து மறுபடி மடித்துப் பெட்டியில் வைக்கும்போது, நீங்கள் மூன்று நாள் பாடுபட்டுக் கொண்டுவந்த மடிப்புகள் என்ன ஆகின்றன? மொத்தமாகப் போய்விடுமா?

பெட்டிபிரிப்பவன் | செவ்வாய் இரவு 11.30

ஐயா, மொத்தமாகப் போகாது. கம்பி சில இடத்தில் வளைந்தே நின்றுவிடும், மூடியின் ஓரமும் கொஞ்சம் நசுங்கியிருக்கும். விரித்துத் தட்டையாக்கினாலும் லேசாகத் தடம் தெரியும். எங்களிடம் வந்தபோதே அதில் முந்தைய ஊரின் மடிப்புகள் இருந்தன. நடுவில், இடதுபக்கமாக, நாங்கள் எவ்வளவு தள்ளியும் ஒத்துக்கொள்ளாத ஓர் இடம் இருந்தது. எங்களுக்கு முன்னால் யாரோ அங்கே பெரிதாக ஒரு புடைப்பு வைத்திருந்திருக்கிறார்கள். கடைசியில் அதைத் தொடாமல், அதைச் சுற்றித்தான் மற்றதை மாட்டினோம்.